முகத்தைப் பார்த்து எழுதிய நாடி

என் தங்கை மகள் சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். தொண்ணூறுகளின் நடுவில், நான் ஓய்வு பெற்ற புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்கு என்னைப் பார்க்க வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் பொரிந்து தள்ளினாள்.

“நாலு வருசமா அங்க மாடு மாதிரி ஒழைக்கறவ நானு, பெரீம்மா. போன மாசம் வந்தவள முன் மேசையில உக்கார வெச்சுட்டாங்க. ஏனுங்கன்னு கேட்டா, வர்றவங்களுக்குப் பாத்ததும் மனசுக்கு இதமா இருக்கோணுமாம். அப்ப என்னையப் பாத்தா எரிச்சலாவா இருக்குது? நீங்களே சொல்லுங்க, மூஞ்சி நல்லா இருந்தா எல்லாமே லேசாக் கெடச்சிருமா?”

“கெடைக்கும்” என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனேன்.

ஆறுதலாக நாலு வார்த்தை எதிர்பார்த்து வந்த பெண். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. காபியைக் குடித்துவிட்டு மூன்றரை மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள். அன்று அவளிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். சொல்லியிருந்தால் அவளுக்கு முன்னால் நான் தலை குனிய வேண்டியிருந்திருக்கும். பெரியம்மா என்கிற கெத்தை விட்டுக் கொடுக்க அன்றைக்கு மனசு வரவில்லை.

முதலில் என்னைப் பற்றி. நான் அழகி இல்லை. தன்னடக்கத்தில் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். மேல்வரிசைப் பல் நான்கும் உதட்டுக்கு வெளியேதான் குடியிருக்கும். நர்ஸிங் படிப்பு முடிந்து எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டபோது போட்டோக்காரர், “நீங்க உயரமா இருக்கீங்க, பின்னால போயிருங்கம்மா” என்றார். என் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. பின்வரிசையில் பெஞ்சு போட்டு ஏறி நின்றேன். மூன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிப் போனார்கள். நாலாவதாக வந்தவர் தபால் ஆபீஸ் குமாஸ்தா. அவருக்குப் பிடித்துப் போயிற்று. கண்ணாடி போட்டும் அவருக்குப் பார்வை சரியில்லை என்று கடைசிவரை நானே அவரைக் கேலி செய்துகொண்டிருந்தேன்.

ஆகவே முகத்தைப் பார்த்து ஆளை எடை போடுகிற வியாதி எனக்கு வராது என்று நம்பினேன். அம்மை ஒரு தடவை போட்டுவிட்டால் மறுபடி வராதல்லவா, அதைப் போல.

எழுபதுகளின் நடுவில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில் வேலைக்குச் சேர்ந்தேன். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள், ஒரு கட்டில், ஒரு மருந்து அலமாரி. எஸ்டேட் ஆட்களும் சுற்றுப்பட்டு மலைக்காரர்களும் வருவார்கள். டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் ஏற்காடு டவுனிலிருந்து வருவார். மற்ற நாட்களில் நான்தான் எல்லாம்.

எஸ்டேட்டில் முகத்துக்கு என்ன விலை என்பதைப் பார்க்க வெகு தூரம் போக வேண்டியதில்லை. மழையிலும் பனியிலும் அட்டைக் கடியோடு பழம் பறிக்கிற வேலை ஒன்று. கொட்டகைக்குள் நிழலில் உட்கார்ந்து காபிக்கொட்டை பொறுக்குகிற வேலை இன்னொன்று. வெளியூரிலிருந்து முதலாளிமார் பார்வைக்கு வருகிற வாரத்தில் மேஸ்திரி பொறுக்குகிற பெண்களை இடம் மாற்றி உட்கார வைப்பார். பார்க்க லட்சணமானவர்கள் வாசல் பக்கத்து மேசைக்கு வருவார்கள். மற்றவர்கள் உள்ளே போவார்கள். முதலாளிகள் போன பிறகு இடம் மறுபடி மாறாது. வாசல் பக்கம் வெளிச்சம் இருந்தது, காற்றும் இருந்தது. இதைப் பார்த்து நான் மேஸ்திரியை மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

என்னையும் ஒருவன் ஏமாற்றினான். செல்வராசு என்று வெள்ளக்கடை கிராமத்துப் பையன், காபிச் செடிக்குக் கவாத்து வெட்டுகிறவன். சுருட்டை முடி, சிரித்தால் கன்னத்தில் குழி விழும். “வயித்தால போகுதுங்க சிஸ்டர், நிக்கவே முடியலீங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்வான். ஐயோ பாவம், இந்த நிலையிலும் சிரிக்கிறானே என்று லீவுச் சீட்டு எழுதிக் கொடுப்பேன். ஒரே வருசத்தில் ஆறு தடவை கொடுத்தேன். கடைசியில் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிற காதர் பாய் வந்து, “உங்க பேசண்டு ஏரியில படகு தள்ளிக்கிட்டு இருக்கானுங்க சிஸ்டர். கைக்கு நல்ல பலம் வந்துருச்சு போல” என்றார். ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

டாக்டர் சபாபதி அந்த எஸ்டேட்டுக்கு வந்தது நான் சேர்ந்து ஐந்தாறு வருசம் கழித்து. ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர், அதிகம் பேச மாட்டார். வந்த முதல் செவ்வாய்க்கிழமை ஒரு கட்டு வெள்ளைச் சீட்டை என் மேசையில் வைத்தார்.

“சிஸ்டர், ஒவ்வொருத்தருக்கும் ஒரு சீட்டு. பேர் எழுத வேண்டாம், நம்பர் போதும். வயசு, ஆணா பெண்ணா, காய்ச்சல், நாடி, கீழ் இமை சிவப்பா வெளுப்பா, பெண்களுக்குக் கடைசியாத் தூரமான தேதி. எங்க வலி, எப்ப இருந்து. இவ்வளவுதான். நாடி ஒரு முழு நிமிஷம் எண்ணணும். பதினஞ்சு விநாடி எண்ணி நாலால பெருக்கற வேலை கூடாது.”

சீட்டுகள் எல்லாம் உள்ளே போகும். அவர் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவற்றைப் படித்து, சீட்டுக்கட்டு கலைப்பது போல் மாற்றி மாற்றி அடுக்குவார். யார் முதலில், யார் பிறகு என்பது அதிலேயே முடிவாகிவிடும். அதற்குப் பிறகுதான் கதவைத் திறக்கச் சொல்வார். வயிற்றை அழுத்திப் பார்க்கும்போது நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டார், சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும், டாக்டர் வருகிற நாட்களில் மட்டும் வேலைக்கு வருகிற கம்பவுண்டரும் அவர் போன பிறகு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி வெட்கப்படுகிறார் என்று சொல்லிச் சிரிப்போம்.

ஒரு நாள் கேட்டே விட்டேன். அவர் சீட்டை அடுக்குவதை நிறுத்தவில்லை.

“டவுன்ல பெரிய ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஒரு தடவை என்னையே கவனிச்சேன் சிஸ்டர். நல்லா இருக்கற முகம் வலிக்குதுன்னு சொன்னா நம்பிட்டேன். மத்தவங்க சொன்னா, எத்தனை நாளா, நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு குறுக்கு விசாரணை பண்ணினேன். அதுக்கு மேல என் கண்ணை நம்ப எனக்குப் பயமாப் போச்சு.”

இவ்வளவுதான் அவர் தன்னைப் பற்றிப் பேசியது. அந்த முறை எனக்குப் பிடித்துப் போயிற்று. பின்வரிசையில் பெஞ்சு மேல் நின்றவளுக்குப் பிடிக்காமல் இருக்குமா? ஆயிரக்கணக்கில் சீட்டு எழுதினேன். ஒரு நிமிஷத்துக்கு ஒரு விநாடி குறையாமல் எண்ணினேன். ஒன்றே ஒன்றைத் தவிர.

பொன்னி தலைச்சோலைப் பக்கத்து மலைக்காரப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் நிலம், சாமையும் ராகியும் போடுவார்கள். பழம் பறிக்கிற காலத்தில் மட்டும் இரண்டு பிள்ளைகளையும் மாமியாரிடம் விட்டுவிட்டு எஸ்டேட்டுக்குக் கூலிக்கு வருவாள். சின்ன வயதில் பெரியம்மை போட்டு முகம் முழுக்கக் குழி. ஒரு கண் சற்றே சுருங்கி, எப்போதும் சண்டைக்கு நிற்பது போலத் தோன்றும். குரலும் கரகரவென்று இருக்கும். வாரம் தவறாமல் டிஸ்பென்சரிக்கு வருவாள். முட்டி வலி, தலை வலி, இருமல் என்று ஏதாவது இருக்கும். மருந்து கொடுத்தால், “போன தடவ குடுத்ததும் இதே தண்ணிதானுங்க” என்பாள். அவள் வாசலில் தெரிந்தாலே எனக்குப் பெருமூச்சு வரும்.

வசந்தாவை எல்லோருக்கும் தெரியும். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண், கொட்டகையில் வாசல் மேசைக்காரி. நல்ல நிறம், பெரிய கண், மெல்லிய குரல். அவள் நடந்து போனால் கணக்கெழுதுகிற ரைட்டர்கூடப் பேனாவை வைத்துவிடுவார்.

அது பழம் பறிப்பு மும்முரமாக நடந்த ஒரு மார்கழிக் காலை. டாக்டர் வராத புதன்கிழமை. பத்து மணி இருக்கும். வசந்தாவை நாலு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். புருசன், மாமியார், பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தாள். சத்தமே இல்லாமல் கண்ணீர் மட்டும் வழிந்தது. கட்டிலில் படுக்க வைத்து, தலையைக் கோதி, எல்லாம் கேட்டு, நாடியை ஒரு முழு நிமிஷம் எண்ணினேன். நூற்று நாலு. சீட்டில் எழுதினேன்.

வெளியே படியில் பொன்னி உட்கார்ந்திருந்தாள். எனக்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டும்.

“ஏனுங்க சிஸ்டர், எனக்கும் அடி வயிறு நொம்ப வலிக்குதுங்க. தோள்பட்டையும் சேந்து வலிக்குது.”

“வயிறு வலிச்சாத் தோளுக்கு என்ன பொன்னி வந்தது? இரு, பாக்கறேன்.”

டாக்டருக்கு போன் போட வேண்டும். எஸ்டேட் ஆபீஸில்தான் போன். இரண்டு பேர் வந்திருக்கும்போது ஒரு சீட்டை மட்டும் படித்தால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று நினைவு வந்தது. நின்றபடியே இன்னொரு சீட்டை எடுத்தேன். நம்பர் இரண்டு. பெண், முப்பத்தைந்து. காய்ச்சல் இல்லை. நாடி எண்பது. இமை சுமார். தூரமான தேதி: ஒழுங்காக. வயிற்று வலி, தோள் வலி, அடிக்கடி வருகிறவர்.

அவள் கையை நான் தொடவில்லை. இமையைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் எழுதினேன்.

போனில் இரண்டு சீட்டையும் படித்தேன். டாக்டர் கேட்டார்: “ரெண்டாவது ஆளுக்கு நாடி எண்பதுதானா? தோள் வலின்னு சொல்றீங்களே. இன்னொரு தடவை பாத்தீங்களா?”

“பாத்தேன் டாக்டர், எண்பதுதான்.”

“சரி. முதல் ஆளைச் சேலத்துக்கு அனுப்பிருங்க. ரெண்டாவது ஆளைச் சாயங்காலம் நான் வந்து பாக்கறேன்.”

காதர் பாய் ஜீப்பைக் கொண்டுவந்தார். வசந்தாவைப் பின்னால் படுக்க வைத்தோம். அவளோடு வந்த நாலு பேரும் ஏறிக்கொண்டார்கள். பொன்னி படியிலிருந்தே கேட்டாள், “நானும் ஒரு ஓரமா ஏறிக்கட்டுமுங்களா?”

வசந்தாவின் மாமியார், “இங்க எங்க எடம் இருக்குது?” என்றார்.

காதர் பாய் என்னைப் பார்த்தார். “ரெண்டு பேர எறக்கிட்டு ஏத்திக்கலாமுங்க சிஸ்டர்.”

“வேண்டாம் பாய். அவளுக்கு எப்பவும் இருக்கறதுதான். நீங்க கெளம்புங்க” என்றேன்.

ஜீப் போய் அரை மணி நேரம் ஆகியிருக்காது. தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்த பொன்னி படியிலேயே சரிந்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். நாடி நூல் மாதிரி ஓடியது. எண்ணவே முடியவில்லை. இமையை இழுத்துப் பார்த்தால் ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை. “எப்ப பொன்னி தூரமான?” என்று அவள் காதோரம் கத்தினேன். “தள்ளிப் போயிருக்குதுங்க. ஒன்றர மாசம்” என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. கர்ப்பம் தங்க வேண்டிய இடத்தில் தங்காமல் குழாயிலேயே தங்கி வெடித்திருக்கிறது. வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறது. அதில்தான் தோள் வலிக்கும். படித்த பாடம்தான். கேட்டிருந்தால் ஒரே கேள்வியில் தெரிந்திருக்கும்.

ஜீப் இல்லை. காபி மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி கீழே புறப்பட்டுக்கொண்டிருந்தது. குறுக்கே போய் நின்றேன். மூட்டைகள் மேல் போர்வையை விரித்து அவளைக் கிடத்தினார்கள். ரைட்டர் டாக்டருக்கு போன் போட, அவர் டவுனில் ரோட்டோரம் பாட்டிலோடு நின்றார். லாரி முழுதாக நிற்பதற்குள் ஏறி, ஓடுகிற வண்டியிலேயே நரம்பைத் தேடிக் குளுக்கோஸ் ஏற்றினார். கொண்டை ஊசி வளைவு இருபதையும் அப்படியே இறங்கினோம். அவள் தலை என் மடியில். என் விரலை அவள் மணிக்கட்டை விட்டு எடுக்கவே இல்லை. எட்டு வருசப் பழக்கத்தில் அன்றைக்குத்தான் அவள் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தேன். என் குலதெய்வத்தைக் கூப்பிட்டு அழுதேன். டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை.

சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் செய்தார்கள். லாரி டிரைவரும் கிளீனரும் ரத்தம் கொடுத்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு, பிழைத்துக்கொள்வாள் என்றார்கள். வெளியே வந்தால் வராந்தாவில் வசந்தா உட்கார்ந்து பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் விரதம் இருந்ததில் வந்த வயிற்றுப் பிடிப்பு. ஒரு பாட்டில் குளுக்கோஸில் சரியாகிவிட்டது. அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவளுக்கும் உண்மையாகவே வலித்தது.

மறுநாள், வழக்கமாக வருகிற நாள் இல்லாவிட்டாலும், டாக்டர் வந்து இரண்டாம் நம்பர் சீட்டைக் கேட்டு வாங்கினார். வெகு நேரம் பார்த்தார்.

“நீங்க நாடி பிடிச்சுப் பாத்துத்தான் எழுதினீங்களா சிஸ்டர்?”

“ஆமா டாக்டர்.” வேலை போய்விடும் என்கிற பயம். வீட்டுக்காரர் அப்போது உடம்பு சரியில்லாமல் சம்பளமில்லா விடுப்பில் இருந்தார்.

வெள்ளிக்கிழமை அவர் வந்து சொன்னார்: “ஆஸ்பத்திரியில அந்தம்மாவையும் கேட்டேன். சிஸ்டர் கையைப் பிடிச்சுப் பாத்தாங்கன்னுதான் சொல்றாங்க. அப்ப உங்க மேல தப்பில்லை. முறைதான் தப்பு. ஆளைப் பாக்காம காகிதத்தைப் பாத்தேன். நேர்ல ஒரு தடவை பாத்திருந்தா விட்டிருக்க மாட்டேன்.” சீட்டுக்கட்டை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.

அன்றைக்குக் கதவைத் திறந்து வைத்து, வருகிறவர்களை வருகிற வரிசையில் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். லட்சணமான முகத்துக்கு ஒரு நிமிஷம் கூடுதலாகப் போயிற்று. கந்தல் சேலைக்காரிக்குக் கேள்விகள் கூடின. அவருக்கும் அது தெரிந்தது, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருசம் என்னைப் போன்றவர்களுக்காகவே அந்த மனிதர் கட்டி வைத்த ஒன்றை, என் ஒரு பொய் இடித்துக்கொண்டிருந்தது. கடைசி ஆள் போனதும் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கையைத் தொடவில்லை என்பதையும், போனில் கேட்டபோது மறுபடி பொய் சொன்னதையும், ஜீப்பில் ஏற்ற வேண்டாம் என்றதையும்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பூட்டைத் திறந்து சீட்டுக்கட்டை வெளியே எடுத்து வைத்தார். “செவ்வாய்க்கிழமையில இருந்து எழுதுங்க. நானும் ஒவ்வொருத்தருக்கும் இன்னொரு தடவை நாடி பிடிப்பேன்” என்றார். ஆறு மாதம் அப்படியே செய்தார். நான் எழுதியதை என் கண் முன்னாலேயே எண்ணிச் சரிபார்த்தார். அந்தத் தண்டனை எனக்குத் தேவையாக இருந்தது.

அன்றைக்குப் போகும்போது வாசலில் நின்று கேட்டார்: “அந்தம்மா ஏன் சிஸ்டர் பொய் சொன்னாங்க?”

எனக்கும் தெரியவில்லை. பெரிய மனசு, மன்னித்துவிட்டாள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். அந்த நினைப்பில் பல நாள் அழுதேன். கொஞ்சம் நிம்மதியும் அடைந்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பொன்னி வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். டிஸ்பென்சரியில் வேறு யாரும் இல்லை. நான் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“பொன்னி, உன்னைக் கொல்லப் பாத்தவ நானு. நீ என்னைக் காட்டிக் குடுக்கல. உன் மனசு யாருக்கும் வராது.”

அவள் கையை உருவிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். சுருங்கிய கண்ணால் என்னை நிதானமாகப் பார்த்தாள்.

“மனசெல்லாம் ஒண்ணுமில்லீங்க சிஸ்டர். அங்க படுத்துக்கிட்டு நொம்ப நேரம் யோசன பண்ணிப் பாத்தனுங்க. நெசத்தச் சொன்னா உங்கள மாத்திருவாங்க. புதுசா ஒருத்தர் வருவாங்க. அவங்களும் மொதல்ல என்ற மூஞ்சியத்தான பாப்பாங்க? என்ற ரெண்டு புள்ளைகளுக்கும் இதே சாடைதானுங்க. நாளைக்கு அதுங்களுக்கு ஒண்ணுன்னா இங்கதான வரோணும்? உங்களுக்காவது ஒருக்கா பயம் வந்துருச்சு. இனிமே தொடாம எழுத மாட்டீங்க.”

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். நான் கடியாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினேன்.